சூடம் அணைக்காத கை

அந்தக் காரின் பேட்டரி செத்துக் கிடந்த காலைகளில் எல்லாம் அப்பாதான் கைப்பிடி சுற்றினார். முன்மூக்கின் அடியில் உள்ள துளையில் வளைந்த இரும்பைச் செருகி, காலை அகட்டி நின்று, மூச்சைப் பிடித்து ஒரு சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டால் சரி. பிடிக்காவிட்டால் பத்துச் சுற்று, இருபது சுற்று. ஐப்பசிக் குளிரிலும் அவர் முதுகில் வேர்வை ஓடும். கார் கடைசியில் உறுமி எழுந்ததும் பண்ணாடி, "ம், ஓரம் போடா" என்பார். அப்பா ஒதுங்குவார். கார் கோயம்புத்தூர் ரோட்டைப் பார்த்துப் பறந்துவிடும்.

பண்ணாடி என்பது எங்கள் பக்கத்தில் நிலத்துக்காரரைக் கூலிக்காரர்கள் அழைக்கும் பெயர். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே மலையடிவாரம் வரைக்கும் அவருடைய தோட்டம். ரோட்டோரத்தில் பருத்திக் கொட்டை பிரிக்கும் ஜின் பேக்டரியும் அவருடையது. தோட்டத்து வேலியோரம் அவர் காட்டிய இடத்தில் நாங்கள் ஓலைக் குடிசையாகச் சாளை போட்டுக் குடியிருந்தோம். எங்கள் வகையில் எல்லாரும் கரும்பாலைக் கூலிகள். அப்பாவும் இருபது வருஷம் வெல்லம் காய்ச்சும் கொப்பரையின் பக்கத்தில் நின்றவர். பிறகுதான் கார் துடைக்க வந்தார். பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். பத்தாவது தேறியதும் பண்ணாடி என்னை ஜின் பேக்டரியில் மூட்டைச் சீட்டு எழுத வைத்துக்கொண்டார்.

கார் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பச்சை நிறச் சீமைக் கார். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, பந்தயம் ஓட்டுவதற்காகக் கப்பலில் வரவழைத்தது. துரை ஊருக்குத் திரும்பியபோது எங்கள் பண்ணாடி வாங்கினார். வாங்கும்போதே அதற்குப் பத்து வயது. பானட்டைச் சுற்றித் தோல் வார் ஒன்று, குதிரைக்குக் கட்டுகிற மாதிரி. வீட்டில் இன்னொரு பெரிய காரும் அதற்கு ஒரு டிரைவரும் உண்டு. பச்சைக் காரைப் பண்ணாடியே ஓட்டுவார், வேறு ஆரையும் விடமாட்டார். அப்பா அதன் வெளிப்பக்கத்தைத் துடைக்கலாம், கைப்பிடி சுற்றலாம். பானட்டைத் திறக்க அவருக்கு உத்தரவு இல்லை.

கோளாறு ஐப்பசி மழையோடு ஆரம்பித்தது. ஒரு நாள் எஞ்சினைக் கிளப்பும் செல்ப் பொத்தானை அழுத்தினால் எடுக்கும். மறுநாள் அழுத்தினால் ஒரு முனகல்கூட வராது. பேட்டரி சுத்தமாக வடிந்திருக்கும். கரண்டு போவதையும் வருவதையும் காட்டுகிற முள் டேஷ்போர்டில் இருந்தது. அது துரை காலத்திலேயே செத்துவிட்டது. பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடைகள் வந்திருந்தன. ஒரு கடைக்காரன் பேட்டரி கிழடு என்றான். புதிது வந்தது. அதுவும் ஒரே வாரத்தில் செத்தது.

கார்த்திகையில் ஒரு காலை. பண்ணாடிக்கு டவுனில் ஏதோ அவசரம். சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சுத்துடா, சுத்துடா" என்கிறார். ஸ்டீயரிங்கின் நடுவில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைப் பின்னே தள்ளி வைத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். உட்கார்ந்திருப்பவர்தான் அதைத் தள்ள வேண்டும். தள்ளினாரோ இல்லையோ. நான் பேக்டரிக்குப் போகிற வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடி திரும்பி அடித்தது. கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. அப்பா வலது மணிக்கட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, முடியாத பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர்போல நின்றார்.

"அட, என்னடா பண்ணிப்போட்டே" என்றார் பண்ணாடி. அவர் இரக்கமில்லாத மனுசர் அல்ல. பெரிய காரில் ஏற்றி வைத்தியரிடம் அனுப்பினார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

அதன் பிறகும் பேட்டரி வடிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது கைப்பிடி சுற்ற ஆள் இல்லை. பண்ணாடியின் எரிச்சல் ஏறியது. மார்கழியில் ஒரு நாள் பேக்டரி வாசலில் எல்லார் முன்னாலும் கணக்குப்பிள்ளைதான் முதலில் அதைச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்லுகிற ஆள் அவர்.

"ஏனுங்க, இதுக்குப் போயி மெக்கானிக்கைத் தேடறீங்களே. வண்டி தொடைக்கறவம் பையன் ராவெல்லாம் சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கறானுங்க. சாளையில மண்ணெண்ணெய்க்கு எங்க போவாங்க? வண்டி லைட்டைப் போட்டுட்டு அது முன்னால ஒக்காந்து படிச்சா, எம்.ஏ.வே படிச்சுப்போடலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பண்ணாடி சிரிக்கவில்லை. யோசித்தார். கார்க் கொட்டகைச் சாவி ராத்திரியில் அப்பாவிடம்தான் இருக்கும். நான் படிப்பதும் நிஜம், சிம்னி விளக்கில்.

"கை ஒடைஞ்சது எங்கப்பனுக்குங்க. பேட்டரிய வடிய விட்டுட்டுக் காலையில அவரே சுத்துவாரா?" என்றேன்.

"படிச்சவன் வாதாடறான் பாருங்க" என்றார் கணக்குப்பிள்ளை.

பண்ணாடி முடிவு சொன்னார். தை அமாவாசையன்று கருப்பராயன் கோயிலில் அப்பா சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பானட்டுக்குள்ளேயோ லைட்டிலேயோ தன் கை போகவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்தால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் ஆரும் வாய் திறக்கக் கூடாது. அணைக்காவிட்டால் சாளையைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும்.

பொய்ச் சத்தியம் பண்ணிச் சூடம் அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா குற்றமற்றவர், அணைத்துவிட்டு வருவார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் சாளைக்கு வந்து அதையே சொன்னேன்.

"எடது கையில அணைச்சாச் செல்லுமான்னு மட்டும் கேட்டுக்கலாமுங்கப்பா."

அவர் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால். "நான் அணைக்கலை கண்ணு" என்றார்.

"ஏனுங்க? நீங்க லைட்டுப் போட்டீங்களா?"

"இல்லை."

"பொறவு?"

தட்டை உதறி உதறிப் போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன மனுசனோ. செய்யாததுக்குச் சத்தியம் பண்ண என்ன கொள்ளை?" என்றாள். அவர் இன்னொரு கட்டுத் தட்டை அவிழ்த்தார்.

எனக்கு அப்போது சூடத்திலும் சத்தியத்திலும் நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவன். கரண்டு வடிகிறது என்றால் அது ஒரு கம்பி வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கம்பியைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டால் கருப்பராயனுக்கு வேலையே இல்லை. அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் பண்ணாடியிடம் போய், அமாவாசைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துத் தருகிறேன், பானட்டைத் திறக்க எனக்கு உத்தரவு கொடுங்கள் என்று கேட்டேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். காரோடு வந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "டிரைவர் கூட நிப்பான். அவன் கண்ணு முன்னாலதான் தொடோணும்" என்றார்.

புஸ்தகம் எண்ணெய்க் கறையில் ஊறியிருந்தது. பாதி வார்த்தை புரியவில்லை. மூன்று நாள் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு மத்தியானம் கொட்டகைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். டிரைவர் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

பேட்டரியின் ஒரு பக்கக் கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஒரு சின்ன பல்பை வைத்தேன். எஞ்சின் நிற்கிறது, விளக்கு எதுவும் போடவில்லை. பல்பு எரியக் கூடாது. எரிந்தது.

"அட, பேய் குடிக்குதுப்பா" என்றார் டிரைவர்.

பெரிய லைட்டின் கம்பியைக் கழற்றினேன். பல்பு எரிந்தது. பின் லைட்டைக் கழற்றினேன். எரிந்தது. ஹாரனைக் கழற்றினேன். எரிந்தது. லைட்டெல்லாம் கழன்று கிடக்கிறது, அப்படியும் வடிகிறது. அப்பா லைட்டுப் போடவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? டிரைவரைக் கூப்பிட்டு நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில், எஞ்சினுக்குப் பின்னால் பலகையில் திருகியிருந்த ஒரு கறுப்புப் பெட்டியிலிருந்து டைனமோவுக்குப் போகும் தடித்த கம்பியைக் கழற்றினேன். பல்பு அணைந்தது.

அந்தப் பெட்டியின் பெயர் புஸ்தகத்தில் கட்-அவுட் என்று இருந்தது. என் அகராதியில் அதற்கு அர்த்தம் இல்லை. அதைத் திறக்க எனக்குத் தைரியமும் இல்லை. பெட்டியின் மேல் வரிசையாகச் செவ்வெறும்புகள் போய்க்கொண்டிருந்தன. ஊதிவிட்டேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த டைனமோ உருளைதானே? வண்டி ராவெல்லாம் நின்னிருக்கும், எஞ்சின் சில்லுனு கெடக்கும். அது மட்டும் காலையில கதகதன்னு இருக்கும் கண்ணு. பூனை படுத்தெந்திரிச்ச எடமாட்ட" என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். கரண்டு அங்கேதான் போகிறது, கரண்டு போவதால்தான் சூடு. எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது! பானட்டுக்குள் கை வைக்காத மனுசருக்கு டைனமோவின் சூடு எப்படித் தெரியும் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

பெட்டியைச் சரிபார்க்கத் தெரிந்த ஆளைத் தேடினேன். டவுனில் இரண்டு மோட்டார் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ஒன்றில், "இந்த மாடலா? இதை மியூசியத்துல வெக்கச் சொல்லு உங்க மொதலாளியை" என்றார்கள். இன்னொன்றில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் மரியாதையாகவே பேசினார். பெட்டியை மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் சீமைக்கு எழுதுவார்கள், ஆறு மாசம் ஆகும் என்றார். அமாவாசைக்கு நாலு நாள்தான் இருந்தது.

திரும்பி வர மேட்டுப்பாளையம் ரயிலில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பவில்லை. என் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இந்தச் சனியன் கட்-அவுட் மறுபடியும் ஒட்டிக்கிச்சு! ராத்திரி பூரா பேட்டரிய நக்கிட்டு இருந்திருக்கு!"

நான் ரயிலிலிருந்து குதித்தேன். காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கரி முகத்தோடு வெளியே வந்தார். முப்பது வயசு இருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. போத்தனூரில் ரயில் பெட்டிகளின் லைட்டைக் கவனிக்கிற பிட்டர். ரயில் பெட்டிக்கு அடியிலும் ஒரு டைனமோ, ஒரு பேட்டரி, ஒரு கட்-அவுட் இருக்கிறதாம். எனக்கு அதுவரை தெரியாது. மூச்சிரைக்க என் கதையைச் சொன்னேன்.

"ரேஸ் காரா? எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதேப்பா" என்றார். பிறகு, "இந்த வியாதி எதுக்கு வந்தாலும் ஒண்ணுதான். பெட்டியக் கழட்டிட்டு வா. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு ஊட்லதான் இருப்பேன்" என்றார்.

தை அமாவாசை அந்த ஞாயிற்றுக்கிழமைதான். சாயங்காலம்தான் சத்தியம். முந்தின நாள் டிரைவர் கண் முன்னால் கழற்றிய பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு காலை முதல் வண்டிக்கே கிளம்பினேன். அப்பா வேலிவரை வந்தார். "எங்க கண்ணு கொண்டு போறே?" என்றார். "உங்களுக்குச் சாட்சி கொண்டாரப் போறனுங்க" என்றேன். அவர் துண்டுச் சுருளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் நடந்துவிட்டேன்.

போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிட்டர் பலாமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெட்டியின் மூடியைத் திருகினார். மூடி வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியை விட்டு நெம்பினார். திறந்ததும் மூக்கைச் சுளித்தார், பிறகு மோந்து பார்த்தார், பிறகு உரக்கச் சிரித்தார். "ஏய், இங்க வந்து பாரு!" என்று உள்ளே திரும்பிச் சம்சாரத்தைக் கூப்பிட்டார். "மெஷினுக்குப் பலகாரம் ஊட்டியிருக்காங்க!"

உள்ளே மஞ்சளாக ஒரு கட்டி. அதன் நடுவில் குங்குமத்தின் சிவப்பு. ஓரத்தில் செத்த எறும்புகள்.

"சந்தனம்" என்றேன்.

"வெறும் சந்தனம்னா காஞ்சு உதிர்ந்திருக்கும். இதுல வெல்லம் கலந்திருக்கு. பிசினாட்டம் புடிச்சிருக்கு பாரு." ஒரு தகட்டை விரலால் தட்டிக் காட்டினார். "எஞ்சின் ஓடுறப்ப டைனமோ பேட்டரிக்குக் கரண்டு குடுக்குது. எஞ்சின் நின்னதும் இந்தக் கதவு தானாத் தொறந்துக்கணும், டிக்குனு. தொறக்கலைன்னா குடுத்த கரண்டெல்லாம் டைனமோவுக்கே திரும்பி ஓடிப் போயிடும். மழையிலயும் பனியிலயும் வெல்லம் எளகும். எளகுற நாளெல்லாம் கதவு ஒட்டிக்கும். வெய்யில் நாள்ல விட்டுடும். அதான் உனக்கு ஒரு நாள் எடுக்குது, ஒரு நாள் எடுக்கல."

ஆயுத பூசையன்று பச்சைக் காருக்கும் பூசை போட்டது எனக்கு ஞாபகம் வந்தது. பூசாரி சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஐப்பசி மழை அதன் பிறகுதான். எல்லாம் ஒரு கணக்குப்போல வரிசையாக வந்து நின்றது. பூசாரி வைத்த சந்தனம். ஆர் மேலும் குற்றம் இல்லை. பிட்டர் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, அரத்தால் தேய்த்து, தகட்டை நாலைந்து தடவை தட்டிப் பார்த்து மூடினார். சுரண்டி எடுத்த கட்டியை ஒரு காகிதத்தில் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதுதான் சாட்சி.

பொட்டலம் என் சட்டைப் பையில் இருந்தது. ரயில் ஆட்டத்தில் அதிலிருந்து வெல்ல வாசம் வந்துகொண்டே இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அறிந்த வாசம். கரும்பாலையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் அப்பாவின் துண்டில் அந்த வாசம்தான். அந்தப் பயணத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் என்னிடமே சொல்லிக்கொண்டு வருகிறேன். சில நாள் அதை நான் நம்புவதில்லை.

ஸ்டேஷனில் இறங்கி நேரே கருப்பராயன் கோயிலுக்கு ஓடினேன். வேப்பமரத்தடியில் கூட்டம். பண்ணாடி, கணக்குப்பிள்ளை, டிரைவர், பேக்டரி ஆட்கள். எங்கள் ஆட்கள் வழக்கம்போல, எங்கள் சனம் தாண்டக் கூடாத எல்லைக்கல்லுக்கு இப்பால். அப்பா எல்லைக்கல்லை ஒட்டி நின்றார், கட்டுப் போட்ட கையோடு. பூசாரி அவருக்கு முன்னால் இருந்த பலகைக்கல்லில் சூடத்தை வைத்து அப்போதுதான் பற்றவைத்தார்.

"என்னடா, அணைக்கறயா இல்லையா?" என்றார் பண்ணாடி.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அதுவரை சத்தமாகப் பேசியதில்லை. "காரணம் கெடைச்சுப்போச்சுங்க! ஆரும் லைட்டுப் போடலைங்க. கட்-அவுட்டுன்னு ஒரு பெட்டிங்க. அது ஒட்டிக்கிச்சு. ஆயுத பூசைக்கு வெச்ச சந்தனம் உள்ளே போயிருக்குதுங்க. வெல்லம் கலந்த சந்தனம். இந்தாங்க." பொட்டலத்தைப் பிரித்துப் பண்ணாடியிடம் நீட்டினேன். "ஆரு மேலயும் தப்பில்லைங்க. பூசைதானுங்க. பூசாரி வெச்சதுதான்."

பண்ணாடி பொட்டலத்தைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார்.

பூசாரி எரிச்சலோடு நிமிர்ந்தார். "நானா? நான் பானட்டு மேல மூணு எடத்துல வெச்சேன், சக்கரத்துல வெச்சேன். உள்ளே எந்தப் பெட்டியவும் தொறக்கலைங்க. அதுவுமில்லாம சந்தனத்துல வெல்லம் கலக்கறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? அது கரும்பாலைக்காரன் புத்தி. எதை ஒட்டறதுக்கும் அவனுகதான் வெல்லத் தண்ணிய ஊத்துவானுக."

ஒவ்வொரு தலையாக அப்பா பக்கம் திரும்பியது. கடைசியாகத் திரும்பிய தலை என்னுடையது.

"நானுங்க" என்றார் அப்பா.

"என்னடா நீ?"

"பூசை முடிஞ்ச மக்யா நாளுங்க. எல்லாரும் வெளியதான் வெச்சாங்க. உசுரு இருக்கற எடத்துல ஆரும் வெக்கலைங்க. எஞ்சின் எடுத்ததும் அந்தப் பெட்டிக்குள்ளாற டிக்குனு ஒரு சத்தம் வருமுங்க. நிறுத்தினா இன்னொரு டிக்கு. அதான் உசுருன்னு நெனச்சேன். போன வருசம் ஒருக்கா கைப்பிடி ஒதைச்சதுங்க. கைய ஒடைச்சுப்போடாதடா சாமின்னு கும்புட்டுத்தான் மூடியத் தொறந்து உள்ளாற வெச்சேன். ஓட்டத்துல உதிர்ந்துரக் கூடாதுன்னு கொஞ்சம் வெல்லத் தண்ணி ஊத்திக் கொழைச்சனுங்க." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "லைட்டுப் போடலைங்க. ஆனா கை உள்ளே போச்சு. அதுக்குத்தானுங்க சூடம் அணைக்க மாட்டேன்னேன்."

ஒரே ஒரு ஆள் சிரித்தார், கணக்குப்பிள்ளை. அவரும் உடனே நிறுத்திக்கொண்டார்.

பேட்டரி வடிந்ததைப் பற்றி அதன் பிறகு ஆரும் பேசவில்லை. பேச்சு வேறாகிவிட்டது. பூசாரி கை வைக்க வேண்டிய இடத்தில் எங்கள் சனத்தின் கை சந்தனம் வைத்திருக்கிறது. அந்தக் காரில்தான் நாலு மாசமாகப் பண்ணாடி ஏறி உட்கார்ந்திருக்கிறார், அந்தக் காரில்தான் பழனிக்குக்கூடப் போய் வந்திருக்கிறார். லைட்டுப் போட்டிருந்தால் திட்டோடு போயிருக்கும் என்று பின்னால் டிரைவர் என்னிடம் சொன்னார். பண்ணாடி கத்தக்கூட இல்லை. "சாமி காரியத்துல கைய வெச்சுப்போட்டயேடா" என்றார். "பொழுது விடிஞ்சா இங்க இருக்கக் கூடாது."

எல்லாரும் போன பிறகும் சூடம் கல்லின் மேல் எரிந்துகொண்டிருந்தது. ஆரும் அணைக்கவில்லை. அதுவாக எரிந்து தீர்ந்து கல்லில் ஒரு கறுப்பு வட்டம் விட்டது.

விடியற்காலையில் அம்மா சட்டி பானைகளைக் கூடையில் அடுக்கினாள். நான் ஒரு பானையை எடுத்துக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. "நீ வந்து கத்தலைன்னா அவுரு வாயத் தொறக்காம நின்னிருப்பாரு. கை சொகமாகட்டும்னு இன்னொரு அமாவாசை தள்ளிப் போட்டிருப்பாங்க" என்றாள். "லைட்டுப் போட்டது நீதான்டா." அதற்கு மேல் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை.

பண்ணாடி ஆள் அனுப்பி என்னை மட்டும் கூப்பிட்டார். "பெட்டிய மாட்டிப்போட்டுப் போ" என்றார். மஞ்சள் தண்ணீரும் கோமியமும் தெளித்து ஈரமாக நின்றது கார். மாட்டினேன். பொத்தானை அழுத்தினார். முதல் அழுத்திலேயே எடுத்தது. அவர் முகத்தில் ஒரு குழந்தையின் சந்தோசம் வந்து போனது. "நீ இருந்துக்கடா. பேக்டரிக்குப் பின்னால ரூம் இருக்குது. இந்தக் கரண்டு வேலையெல்லாம் நீ பாத்துக்க. உங்கப்பன் பண்ணுனதுக்கு நீ என்ன பண்ணுவே" என்றார்.

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ரோட்டோரத்தில் எருமையைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவிடம் வந்து சொன்னேன். "இருந்துக்க கண்ணு" என்றார். "என்ற கையி இனி ஆகாது. உன்ற கையாவது நெழல்ல இருக்கட்டும்." அவர் சொன்னார் என்பதற்காக இருந்தேனா, எனக்கே இருக்க ஆசையா என்று சொல்லத் தெரியவில்லை. இருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் மதுக்கரைப் பக்கம் போனார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் ஒரு மேஸ்திரியிடம் கூலி வேலை. மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்ததால் அப்பாவால் சம்மட்டி பிடிக்க முடியவில்லை. கூடை சுமந்தார். மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குனிந்திருப்பார். இருமல் வந்திருந்தது.

கார் அதன் பிறகு ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. சாயங்காலம் பண்ணாடி எஞ்சினை நிறுத்தியதும் நான் பானட்டின் பக்கத்தில் நின்று காது கொடுப்பேன். டிக். கதவு திறந்துகொண்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கொட்டகையைப் பூட்டுவேன்.

அடுத்த ஆயுத பூசை வந்தது. பூசாரி காருக்குச் சந்தனம் வைத்தபோது, போன வருஷம் அப்பா நின்ற இடத்தில், முருங்கை மரத்துக்கு இப்பால் நான் நின்றேன். பூசைக்கு முதல் நாளே கறுப்புப் பெட்டியின் மூடியில் இன்னொரு திருகாணி போட்டு இறுக்கச் சொல்லியிருந்தார் பண்ணாடி. இறுக்கியிருந்தேன். பூசை முடிந்ததும் ரயில் பிடித்து மதுக்கரைக்குப் போனேன்.

குழியிலும் பூசை போட்டிருந்தார்கள். கூலிக்காரர்களுக்குக் கொடுத்த பொரிப் பொட்டலத்தை அப்பா தனக்கு எடுத்துக்கொள்ளாமல் எனக்காக வைத்திருந்தார். தலைமுடியிலும் இமையிலும் வெள்ளைத் தூசி. குழிக்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பொரிக்கு நடுவில் ஒரு வெல்லக் கட்டி இருந்தது.

"வண்டி எடுக்குதா?" என்றார்.

"எடுக்குதுங்கப்பா."

"நிறுத்தினாச் சத்தம் வருதா?"

"வருதுங்க."

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் இருமினார். என் கையில் பொரியை வைத்திருந்தேன், வாயில் போடவில்லை. அவர் அதைக் கவனித்தார். கோணல் கையால் வெல்லக் கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"தின்னு கண்ணு" என்றார். "தின்னுட்டுக் கையக் கழுவிப்போட்டு வண்டியத் தொடு."